வெற்றிலைக் கறை

கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய மார்க்கம் நகரில் நான் வேலை செய்யும் தண்ணீர் ஆய்வுகூடத்துக்குக் கிணற்றுத் தண்ணீரில் வாழ்கிற சனங்கள் போத்தல்களோடு வருவார்கள். நகரத்துக்கு வடக்கே பண்ணை வைத்திருப்பவர்கள், ஏரிக்கரையில் கோடைவீடு வாங்கியவர்கள். "தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, குடிக்கவும் நல்லாயிருக்கிறது, இதற்கேன் இத்தனை சோதனை?" என்று வரவேற்பு மேசையில் நின்று வாதாடுவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாமென்றால் எனக்கு எதற்குச் சம்பளம் தருகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். இத்தனை வருடத்தில் எல்லாப் பக்கங்களும் வராமல் ஒரு அறிக்கையிலும் நான் கையெழுத்து வைத்ததில்லை. மேலாளர் வந்து தலைக்குமேல் நின்றாலும் வைக்கமாட்டேன். முன்பின் தெரியாத சனங்களுக்கு இப்படி நேர்மையாக இருந்த நான், சொந்த அக்காவுக்கு என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்காவும் அத்தானும் அகதியாக வந்திறங்கிய நாளிலிருந்து ரொறன்ரோவின் நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். பதினெட்டாம் மாடி. கூட வந்த ஆட்கள் எல்லாரும் மார்க்கத்துக்கும் அதற்கு அங்காலும் வீடு வாங்கிப் போன பிறகும் அத்தான் அசையவில்லை. "மார்க்கத்திலை ஒரு பால் வாங்கவும் கார் எடுக்கவேணும். இஞ்சை சப்வே காலடியில கிடக்கு" என்பார். அவர்களுக்கு ஒரே ஒரு பெண்பிள்ளை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. உறவுமுறையில் அவள் எனக்குப் பெறாமகள். மகள் என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிடும்போது ஒருநாளும் அந்தப் 'பெறா'வைச் சேர்த்ததில்லை.

படிப்பு முடிந்ததும் அவள் ஒரு வருடம் தன்சானியாவின் வடக்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டராகப் படிப்பிக்கப் போனாள். திரும்பி வந்த புதிதில் அக்காவின் சமையலறையில் இருந்து ஒரு விஷயம் சொன்னாள். அங்கே மாடுகள் இறங்கிக் குடிக்கிற ஓடையில்தான் வீட்டுக்குத் தண்ணீர். பிள்ளைகள் பள்ளிக்கு வரமுன் அங்கே போய் அள்ளிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். வெயில் காலத்தில் ஓடை வற்றிச் சேறாகும்போது வயிற்றோட்டம் தொடங்கும். வகுப்பில் ஒரு இடம் வெறுமையாகும். சில இடங்களுக்குத் திரும்ப ஆள் வருவதில்லை. இதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தன் கோப்பையைக் கழுவினாள். பிறகு அந்தக் கதையை அவள் எடுத்ததில்லை.

வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. வேலைக்குப் போக ஸ்ட்ரீட்காருக்குக் காத்து நின்றவள் நின்ற இடத்திலேயே விழுந்தாள். மூளைக்குள் இரத்தக் குழாய் ஒன்று வெடித்துவிட்டதாம். இருபத்தேழு வயது. பாவி, ஒரு தலையிடி என்று கூட முதல்நாள் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு அக்கா பேசவில்லை. சாப்பிடு என்றால் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். குளிக்கச் சொன்னால் குளிப்பாள், துவாயோடு அப்படியே கட்டிலில் இருப்பாள். நானும் அத்தானும் அடுத்தது இவள்தான் என்று பயந்து, அவளைத் தனியே விடாமல் முறை வைத்து இருந்தோம். ஒருநாள் காலை நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க, அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அவள் படிப்பிச்ச ஊரில ஒரு குழாய்க்கிணறு அடிச்சுக் குடுப்பமே?"

அன்றைக்கு மத்தியானம் அக்கா சோறு சாப்பிட்டாள். எங்களுக்கு அது போதும். அந்தக் கிணறுதான் அவளை எழுப்பி உட்கார்த்தியது. அதில் எவர் கைவைத்தாலும் அவள் திரும்ப விழுந்துவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பின்னால் நான் செய்ததற்கு இதுதான் காரணம். நியாயம் என்று சொல்லவில்லை.

பெறாமகளை அனுப்பிவைத்த சின்னத் தொண்டு அமைப்பே கிணறு அடிக்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டது. ஊரில் தொடர்புக்கு அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி இருந்தாள். பெறாமகளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள், நல்ல ஆங்கிலம் பேசுவாள். அவள் வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்புவாள். எங்கே தோண்டுவது என்று முடிவெடுக்க மரத்தடியில் கூடிய கூட்டத்தின் படம் ஒன்று வந்தது. பக்கத்து ஊர்ச் சனமும் வந்திருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அதில் பாதிப் பேருக்குப் பற்கள் கபில நிறத்தில் கறைபிடித்துப் போயிருந்தன.

அத்தானுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சந்தோஷம். அவர் வெற்றிலை போடுகிறவர். ஸ்காபரோக் கடையில் வாங்கி ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பார், அதற்காக அக்காவிடம் நாளாந்தம் ஏச்சு வாங்குவார். "பாத்தியளே, எங்கட ஆக்கள்தான்! என்ன மாதிரி வெத்திலை போட்டிருக்கினம் பாருங்கோ. நான் போனா எனக்கு ஒரு குறையும் இராது" என்றார். அக்கா சிரித்தாள். பிள்ளை செத்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்தரம். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினேன். முன்வரிசையில் எட்டு ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. அவளுக்கும் அதே கறை. கறை மட்டுமல்ல, முன்பற்களில் குழி குழியாக இருந்தது.

"இந்தச் சின்னனும் வெத்திலை போடுமோ அத்தான்?"

"ஏன், நாங்கள் சின்னனிலை கலியாண வீட்டிலை களவாய்ப் போடயில்லையே? நீ போட்டிட்டு நாக்கைக் காட்டித் திரிஞ்சனி, மறந்துபோனியே!"

அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். எனக்குள் ஏதோ ஒன்று அப்போதே முறைத்துப் பார்த்தது. நான் அதைப் பார்க்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

கிணறு அடித்து முடிந்தது. நல்ல ஆழத்தில் நிறையத் தண்ணீர். தண்ணீர்ச் சோதனை அறிக்கையை அமைப்புக்காரர் அனுப்பினார்கள். முதலாம் பக்கம் மட்டும்தான் இருந்தது. கிருமி இல்லை, கலங்கல் இல்லை, மணம் இல்லை. தாதுப்பொருட்கள் பற்றிய இரண்டாம் பக்கத்துக்கு மாதிரி தலைநகருக்குப் போயிருக்கிறது, வரச் சில கிழமைகள் செல்லும் என்று கீழே ஒரு வரி.

ஐயர் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்குத் திதி பார்த்துச் சொல்லியிருந்தார். பத்து நாள்தான் இருந்தது. அக்காவுக்கு ஒரே பிடிவாதம்.

"நாங்கள் இஞ்சை அவளுக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்கேக்கை, அங்கை பிள்ளையள் அவளின்ரை தண்ணியைக் குடிக்கவேணும். ஒரே நேரத்திலை. அப்பத்தான் அது அவளுக்குப் போய்ச் சேரும்."

அமைப்புக்காரரோ, உங்கள் குடும்பத்தில் தண்ணீர்ச் சோதனை செய்கிறவர் இருக்கிறாராமே, அவர் பார்த்துச் சரியென்றால் அன்றைக்கே திறக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். கண்டறியாத வேலை! பொறுப்பை அவ்வளவு நைசாக என் மடியில் இறக்கிவிட்டார்கள். அக்கா தாளை என்னிடம் தந்துவிட்டு எதிரே நின்றாள்.

"திறக்கலாமோ?"

நான் தாளைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். கழுத்து எலும்பு தள்ளி, சட்டை தோளில் தொங்கியது. ஒரு வருடம் கழித்து அடுத்த திவசம் வரும், பொறு என்று சொல்லியிருக்கலாம். எதிரே நின்றவள் அவளல்லாமல் வரவேற்பு மேசைக்கு வந்த வேறொருத்தியாக இருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

"திறக்கலாம் அக்கா."

அவள் அந்த இடத்திலேயே அத்தானுக்குக் குரல் கொடுத்தாள். "கேட்டதே? அவள் சொல்லிப்போட்டாள்! ரிக்கெற்றைப் போடுங்கோ!"

திறப்புக்கு அத்தான் தன்சானியாவுக்குப் போனார். ஆட்டைத் திவசத்தன்று ஐயர் வந்து பதினெட்டாம் மாடியில் தர்ப்பையும் எள்ளுமாக இருக்க, மேசையில் சாய்த்து வைத்த போனில் அந்த ஊர் தெரிந்தது. பம்புக்குப் பக்கத்தில் சீமெந்துக் கல், அதில் பதித்த பெறாமகளின் படம், சுற்றிவர அத்தனை சனம். ஐயர் சொல்லச் சொல்ல அக்கா எள்ளையும் தண்ணீரையும் இறைத்தாள். போனில் அத்தான் பம்பின் பிடியை அமத்தினார். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்கள். சின்னஞ்சிறுசுகளைத் தாய்மார் தூக்கிப் பிடித்தார்கள். அக்கா கண்ணீரும் சிரிப்புமாக என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் அந்தப் பிள்ளைகளின் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் வரும்போது அந்தத் தண்ணீரில் ஒரு போத்தலை வேட்டிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். "நல்ல தண்ணி. துளி உவர் கிடையாது. வாய்க்குள்ளை இனிக்குது" என்றார். யாழ்ப்பாணத்தானுக்குத் தண்ணீரில் இரண்டே சாதி. உவர், நல்ல தண்ணி. உவரில்லாவிட்டால் கதை முடிந்தது. அக்கா போத்தலைச் சாமித்தட்டில் வைத்தாள். தினமும் குளித்துவிட்டு வந்து தீர்த்தம் போல ஒரு சொட்டுக் கையில் விட்டுக் குடிப்பாள்.

இரண்டாம் பக்கம் வரவில்லை. எழுதிக் கேட்டேன். இயந்திரம் பழுது என்றார்கள். பிறகும் கேட்டேன். கிணறு அடித்தவர்கள் தண்ணீர் நல்லதென்கிறார்கள், கவலைப்படாதீர்கள் என்றார்கள். மூன்றாம் தரம் எழுத இருந்து, எழுதாமல் விட்டேன். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். மாதங்கள் போயின. வயிற்றோட்டம் குறைந்துவிட்டது, இந்த வெயில் காலத்தில் வகுப்பில் ஒரு இடமும் வெறுமையாகவில்லை என்று ஆசிரியை எழுதினாள். அக்கா அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். நான் வருகிற படங்களையெல்லாம் வேலையில் கழிவறைக்குள் நின்று பெரிதாக்கிப் பார்ப்பேன். அந்த ஊர்ப் பிள்ளைகளின் பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. இப்போதைக்கு இருக்கும், அதில் ஆறுதல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் தன் பயணக் கதையைப் பத்தாம் தரமாக எடுத்தார், இம்முறை நான் கேட்டிராத ஒரு பகுதியோடு.

"அங்கை நான் பட்ட பாடு! கொண்டுபோன வெத்திலை ரெண்டு நாளிலை முடிஞ்சுது. சந்தை முழுக்க அலைஞ்சன். அப்பிடி ஒரு இலையே அங்கை இல்லை. நான் சைகையிலை சப்பிக் காட்ட, ஆடு தின்னுற தழையோ எண்டு கேட்டுச் சிரிக்குதுகள்."

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

"வெத்திலை இல்லையோ? அப்ப அந்தப் படத்திலை ஆக்களின்ரை பல்லு?"

"அது பக்கத்து ஊராக்கள். அங்கை ஒரு பழைய குழாய்க்கிணறு கிடக்கு. சின்னனிலை இருந்து அதைத்தான் குடிக்கிறதாம், அதுதான் பல்லு அப்பிடி. வயசானதுகள் சிலது கால் வளைஞ்சு தடியோடை நடக்குதுகள். எங்கட ஊராக்கள் அதுகளைப் பகிடி பண்ணுவினம். எடியே, அந்தப் பயத்தங்காயை இஞ்சாலை தள்ளு."

அத்தான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெற்றிலைக் கறையைப் பிறந்த நாளிலிருந்து பார்த்துப் பழகிய கண் எங்களுடையது. வேறு எந்த வீட்டிலாவது அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், ஏன் இவர்களின் பல் இப்படி என்று ஒருவராவது கேட்டிருப்பார்கள். நாங்கள் சொந்தக்காரரைக் கண்ட மாதிரிச் சிரித்தோம்.

அது புளோரைட். அந்தப் பக்கத்து எரிமலைப் பாறைகளுக்குள் கிடக்கிறது, ஆழத்துத் தண்ணீரில் ஊறி வரும். சொற்பமாக இருந்தால் பல்லுக்கு நல்லது, ரொறன்ரோவில் குழாய்த் தண்ணீரிலேயே கலந்து விடுகிறார்கள். மிஞ்சினால், பல்முரசுக்குள், இன்னும் முளைக்காமல், வளர்ந்துகொண்டிருக்கிற பல்லை உள்ளேயே பழுதாக்கிவிடும். வருடக்கணக்காகக் குடித்தால் எலும்பை வளைக்கும். நிறமில்லை, மணமில்லை, உவரில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது. என் தொழிலில் இது அரிவரிப் பாடம்.

அக்கா குளியலறைக்குள் போனதும் சாமித்தட்டிலிருந்து போத்தலை எடுத்தேன். கைப்பையில் எப்போதும் கிடக்கும், மாதிரி எடுக்கிற குப்பிக்குள் கொஞ்சம் ஊற்றினேன். குறைந்தது தெரியாமலிருக்கச் சமையலறைக் குழாயைத் திறந்து போத்தலை நிரப்பினேன். அக்காவின் சாமித்தட்டில் களவெடுத்தது மட்டுமல்ல, நாளைக்கு அவள் பிள்ளையை நினைத்துக் குடிக்கப் போகிற தண்ணீரிலும் கலப்படம் செய்துவிட்டேன். மூடியை இறுக்கிப் போத்தலைத் திரும்பச் சாமித்தட்டில் வைத்தேன். சீ என்று இருந்தது.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் எல்லாம் வழமைபோல. பக்கத்து மேசையில் இருவர் ஹொக்கி பற்றிச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கருவியைச் சரிபார்த்துவிட்டுக் குப்பியை வைத்தேன். எண் ஏறத் தொடங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. கருவியில் பிழையாக இருக்கட்டும் என்று நேர்ந்துகொண்டு திரும்பவும் சரிபார்த்துத் திரும்பவும் வைத்தேன். பிறகு இன்னொருதரம். மூன்று தரமும் ஒரே எண். இருக்கக்கூடிய அளவைப் போல ஐந்து மடங்குக்குக் கிட்ட.

கார் தரிப்பிடத்தில் நின்று ஆசிரியைக்கு அழைப்பு எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நாங்களும் கேட்டோம்" என்றாள் அவள் ஆங்கிலத்தில். "பக்கத்து ஊர்த் தண்ணீர் என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? திறப்பதற்கு முன் ஊர்ப் பெரியவர்கள் அதைத்தான் கேட்டார்கள். கனடாவில் ஒரு தண்ணீர் நிபுணர் அறிக்கையைப் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டார் என்று அமைப்பிலிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் குடித்தோம்."

அந்த நிபுணர் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக்கூடாது, பள்ளிக்கூடக் கூரையில் மழைத் தண்ணீர் பிடிக்கத் தாங்கி வைக்கலாம், அதுவரைக்கும் ஓடைத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கடகடவென்று சொன்னேன்.

"நான் சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்றாள். "ஓடைத் தண்ணீருக்குப் பிள்ளையைப் பறிகொடுத்துப் புதைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பம்பில் உங்கள் பெண்ணின் படம் இருக்கிறது. அவள் தங்களுக்குக் கெடுதல் தரமாட்டாள் என்று நம்புகிறார்கள். அவளுடைய அம்மா சொல்லட்டும். அப்போது கேட்பார்கள்."

அங்கிருந்து நேரே சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனேன். அக்காவின் கட்டடத்தில் திருத்த வேலைக்காகத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். சமையலறை முழுக்க வாளியும் பானையுமாக நிரப்பி வைத்திருந்தாள். நான் செருப்புக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போத்தலில் களவெடுத்ததையும் சொன்னேன்.

அத்தான்தான் முதலில் பாய்ந்தார். "என்ன பேய்க்கதை கதைக்கிறாய்? நானே குடிச்சனான்! எனக்கு என்ன வந்தது? உனக்கு லாப்பிலை இருந்து இருந்து விசர் பிடிச்சிட்டுது!"

அக்கா அவரைக் கையால் மறித்தாள். "ரெண்டாம் பக்கம் எண்டு ஒண்டு இருக்கெண்டு உனக்கு அண்டைக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அது வராமலே திறக்கலாமெண்டு சொன்னனி?"

"ஓம் அக்கா."

"ஏன்?"

"உங்கட முகத்தைப் பாத்து..."

"என்ரை முகத்தைப் பாத்தோடி நீ தண்ணி சோதிக்கிறனி?"

அடித்திருந்தால் கூட அப்படி வலித்திராது. அவள் வாளிகளுக்கு நடுவில் நிலத்தில் குந்தினாள். அழுவாள், மயங்குவாள், திரும்பவும் கட்டிலில் போய் விழுவாள் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. ஒரு வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "சனிக்கிழமை அந்தச் சனத்தைக் கூப்பிடச் சொல்லு. நான் கதைக்கிறன்" என்றாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

சனிக்கிழமை இங்கே காலை பத்தரை, அங்கே பொழுது சாய்கிற நேரம். போன் திரையில் ஊர்ப் பெண்கள் பம்பைச் சுற்றி நின்றார்கள். அக்கா தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஆசிரியை சுவாஹிலியில் சொல்ல வேண்டும். அக்கா வெள்ளைச் சேலை கட்டி, பிள்ளையின் படத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்தாள்.

"நான் அவளின்ரை அம்மா. இந்தத் தண்ணியை இனிச் சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ. இதிலை நஞ்சு இருக்கு. என்ரை பிள்ளைக்குத் தெரியாது, அவள் உங்களுக்குக் கெடுதி நினைக்கயில்லை. அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ."

கடைசி வசனத்தையும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஆசிரியை சொல்லி முடித்ததும் அங்கே பெரிய இரைச்சல் எழுந்தது. ஒரு கிழவி தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். அதற்குள் ஒரு இளம்பெண் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். கையில் பச்சைத் துணியில் சுற்றிய குழந்தை. குழந்தையைப் போனுக்குக் கிட்டப் பிடித்து ஒரு பெயரைச் சொன்னாள். அவளுடைய நாவில் கொஞ்சம் வளைந்து வந்தாலும் எங்களுக்கு விளங்கியது. அது என் பெறாமகளின் பெயர்.

அக்காவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இதை உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், நேரில் வரும்போது காட்டலாம் என்று" என்றாள் ஆசிரியை. "பம்பு திறந்த கிழமை பிறந்தவள். தாய்க்குப் பால் வற்றிவிட்டது. நல்ல தண்ணீர் இருக்கிறதுதானே என்று மருத்துவமனையில் பால்மா கொடுத்தார்கள். ஏழு மாதமாக இந்தத் தண்ணீரில்தான் கரைத்துக் கொடுக்கிறாள்."

இளம்பெண் ஏதோ கேட்டாள். ஆசிரியை உடனே மொழிபெயர்க்கவில்லை. அந்தத் தாய் திரும்பவும், இம்முறை உரத்துக் கேட்டாள்.

"இது நல்ல தண்ணீர் என்று சொன்னது யார் என்று கேட்கிறாள்."

அமைப்பு என்று சொல்லலாம். இயந்திரம் பழுது, தாள் பிந்திவிட்டது என்று சொல்லலாம். இரண்டு பக்கத்துக்கும் இடையில் நிற்பவள் நான், நான் சொல்வதுதான் போய்ச் சேரும். அத்தான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா திரையிலிருந்த குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

"நான்தான்" என்றேன். "முழுச் சோதனையும் முடியாமல் சொன்னேன். பிழை என்னுடையது."

ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அவள் மெதுவாக மொழிபெயர்த்தாள். அந்தத் தாய் என் முகத்தைத் திரையில் தேடிப் பிடித்துப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அவளிடம் விறகு முடிந்துவிட்டது" என்றாள் ஆசிரியை. "பொறுக்கப் போவதென்றால் நாளைக் காலையில்தான். இன்றிரவு பிள்ளை பசித்து அழும்போது எந்தத் தண்ணீரில் பாலைக் கரைக்க என்று கேட்கிறாள். உங்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியும்தானே, நீங்கள் சொல்கிறபடி செய்வாளாம்."

ஓடைத் தண்ணீரைப் பச்சையாகக் கொடுத்தால் இந்தக் கிழமைக்குள்ளேயே ஏதும் நடக்கலாம். பம்புத் தண்ணீரின் கெடுதி மெதுவாகத்தான் நடக்கும். கணக்கு எனக்குத் தெரிந்ததுதான். அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பம்புத் தண்ணீரில்" என்றேன். "இன்றைக்கு மட்டும்."

அந்தத் தாய் தலையசைத்தாள். நன்றி என்று சொன்னாளாம். பிறகு கீழே கிடந்த பிளாஸ்ரிக் வாளியை எடுத்துப் பம்பின் வாய்க்கு நேரே வைத்து, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பிடியை அமத்தத் தொடங்கினாள்.